கட்டளை ஷெல்களின் வேறுபாடும் தமிழ்த் தரவு நிரல்களின் பிழையறிதலும்

ஆய்வுச்சுருக்கம்

கட்டளை வரியில் இயங்கும் ஒரே நிரல், ஒரே தரவுக்கு, ஒரு ஷெல்லில் ஒரு விடையும் மற்றொரு ஷெல்லில் வேறு விடையும் தருவதுண்டு. இதற்கான காரணம் பெரும்பாலும் நிரலுக்குள் இல்லை. நிரல் தொடங்கும் முன்னரே ஷெல் தீர்மானித்து ஒப்படைப்பவற்றில் உள்ளது. எந்த நிரல், எந்த உள்ளீட்டுச் சொற்கள், எந்தச் சூழல், எந்தக் குறியாக்கம் என்னும் நான்கு ஒப்படைப்புகளை இக்கட்டுரை தமிழ்ச் சொல்லடைவு, சொல்லெண்ணிக்கை ஆகிய பணிகளைக் கொண்டு விளக்குகிறது. ஷெல் மொழியிலேயே எழுதப்படும் நிரல்களுக்குரிய தனிச் சிக்கல்களையும், பிழையின் இடத்தைப் படிப்படியாகக் கண்டறியும் முறையையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கட்டளை ஷெல், சூழல் மாறி, மொழிச்சூழல், ஒருங்குறி, சொல்லடைவு, பிழையறிதல்.

முன்னுரை

தமிழ் இலக்கியங்களின் மின்பதிப்புகள் பெருகியபின் சொல்லடைவு, தொடரடைவு, சொல் வருகை எண்ணிக்கை ஆகியன கணினிவழிச் செய்யப்படும் பணிகளாகிவிட்டன. மதுரைத் திட்டம் 1998 முதல் வழங்கிவரும் மின்னூல்கள் போன்ற எளிய உரைக்கோப்புகள் இப்பணிக்கு ஏற்றவை. அவற்றைச் சொற்களாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, எண்ணுவதற்குச் சில வரிக் கட்டளைகளே போதும். இக்காரணத்தால் ஆய்வாளர் பலர் கட்டளை வரியை நாடுகின்றனர்.

ஆயின் ஆய்வாளரின் கணினியில் சரியாக இயங்கிய நிரல் நெறியாளரின் கணினியில் வேறு எண்ணிக்கையைத் தரும்போது ஐயம் எழுகிறது. பிழைச்செய்தி தோன்றி நிரல் நின்றுவிட்டால் தீங்கு சிறிது. பிழை உண்டென்பதாவது தெரியும். நிரல் அமைதியாக இயங்கித் தவறான எண்ணைத் தருவதே பெருந்தீங்கு. அவ்வெண் அட்டவணையாகி, அட்டவணை முடிவாகி, ஆய்வேட்டில் இடம்பெற்றுவிடும். ஆகவே ஷெல் வேறுபாட்டை அறிவது தொழில்நுட்பரின் கடமை மட்டுமன்று. தரவின்மீது முடிவு கூறும் ஒவ்வோர் ஆய்வாளரின் கடமையுமாகும்.

1. ஷெல்லின் பணி

பயனர் தட்டச்சு செய்யும் வரியைப் படித்துப் பொருள்கொண்டு உரிய நிரலை இயக்கும் இடைநிலை நிரலே ஷெல். யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்புடன் 1979-இல் வெளிவந்த போர்ன் ஷெல், பின்வந்த பலவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. 1989-இல் குனூ திட்டத்திற்காகப் பாஷ் ஷெல் தோன்றியது; 1990-இல் இசட் ஷெல் தோன்றியது. விண்டோஸில் பழைய கமாண்ட் பிராம்ட்டுடன் 2006 முதல் பவர்ஷெல்லும் உள்ளது.

இவற்றுள் எது இயல்பாக அமைகிறது என்பதும் மாறிவந்துள்ளது. உபுண்டு 2006-இல் வெளியிட்ட 6.10 பதிப்பு முதல் அமைப்பின் பொது ஷெல்லாக, பாஷுக்கு மாற்றாக, டாஷ் என்னும் சிறிய ஷெல்லை வைத்தது. ஆப்பிள் 2019-இல் வெளியிட்ட மேக் கேட்டலினா பதிப்பு முதல் புதிய பயனர்களுக்கு இசட் ஷெல்லை இயல்பாக்கியது. எனவே ஒரே கட்டளையைத் தட்டச்சு செய்யும் இருவர், தாம் அறியாமலேயே வெவ்வேறு ஷெல்களுடன் உரையாடுவது இயல்பே.

நிரல் பயனரின் வரியை நேரடியாகக் காண்பதில்லை. ஷெல் பொருள்கொண்டு தந்ததையே காண்கிறது. பிழையறிதலுக்கு அடிப்படையான உண்மை இதுவே. ஷெல் தீர்மானிப்பவற்றைப் பின்வரும் நான்காகப் பகுக்கலாம்.

2. முதல் ஒப்படைப்பு: எந்த நிரல்

ஒரு பெயரைத் தட்டச்சு செய்தால் அப்பெயருக்குரிய நிரலை ஷெல் தேடுகிறது. முதலில் தன்னிடமுள்ள மாற்றுப்பெயர்களையும் உட்கட்டளைகளையும் பார்க்கிறது. பின்னர் பாத் என்னும் சூழல் மாறியில் பட்டியலிடப்பட்ட கோப்புறைகளை வரிசையாகத் தேடுகிறது. முதலில் கிடைப்பதே இயங்கும்.

வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை இதற்குத் தக்க சான்று. லினக்ஸில் அது குனூ நிரல். விண்டோஸ் கமாண்ட் பிராம்ட்டில் அதே பெயர் விண்டோஸுக்கே உரிய வேறொரு நிரலைக் குறிக்கும். விண்டோஸ் பவர்ஷெல்லிலோ அது தனி நிரலன்று. பவர்ஷெல்லின் உட்கட்டளை ஒன்றுக்கு இட்ட மாற்றுப்பெயர். பெயர் ஒன்றாயினும் விருப்பக் குறிகளும் ஒப்பீட்டு விதிகளும் மூன்றிலும் வேறு.

ஒரே கணினியிலும் இது நிகழும். மேக் கணினியில் கூடுதலாக நிறுவிய குனூ நிரல்களின் கோப்புறையைப் பயனர் தம் இசட் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் பாத் மாறியுடன் சேர்த்திருக்கலாம். குறித்த நேரத்தில் தானே இயங்குமாறு அமைத்த பணி அத்தொடக்கக் கோப்பைப் படிப்பதில்லை. ஆகவே ஆப்பிளுடன் வந்த நிரலே அங்கு இயங்கும். எழுத்துக்கு எழுத்து மாற்றும் டிஆர் கட்டளையில் இவ்வேறுபாடு தமிழுக்கு நேரடியாகத் தீங்கு செய்யும். குனூவின் டிஆர் பைட்டு பைட்டாகவே மாற்றும். மேக்கின் டிஆர் பல பைட்டு எழுத்துகளை அறியும். தமிழெழுத்தை மாற்றுமாறு கூறும் கட்டளை, முன்னதில் எழுத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றிச் சொல்லையே சிதைத்துவிடும்.

இதனைக் கண்டறிய, பாஷிலும் இசட் ஷெல்லிலும் டைப் என்னும் கட்டளையும், பவர்ஷெல்லில் கெட்-கமாண்ட் என்னும் கட்டளையும் உதவும். ஒரு பெயர் எதைச் சுட்டுகிறது என்பதை அவை காட்டும்.

3. இரண்டாம் ஒப்படைப்பு: எந்த உள்ளீட்டுச் சொற்கள்

நிரலின் பெயருக்குப் பின் எழுதுவனவற்றை ஷெல் தனித்தனி உள்ளீட்டுச் சொற்களாகப் பிரித்து நிரலுக்குத் தருகிறது. இப்பிரிப்பில் மூன்று வேறுபாடுகள் அடிக்கடி இடர் தருகின்றன.

முதலாவது, உடுக்குறி. ஒரு கோப்புறையிலுள்ள எல்லா உரைக்கோப்புகளையும் குறிக்க உடுக்குறி இடும்போது, பாஷ் அதனைக் கோப்புப் பெயர்களின் பட்டியலாக விரித்தே நிரலுக்குத் தரும். கமாண்ட் பிராம்ட் விரிப்பதில்லை. உடுக்குறியை அப்படியே தரும். விண்டோஸில் தனி நிரல்களை இயக்கும்போது பவர்ஷெல்லும் அவ்வாறே செய்யும். விரிக்கும் பொறுப்பை நிரல் ஏற்கவில்லையெனில் 'அப்பெயரில் கோப்பு இல்லை' என்னும் செய்தி வரும். பொருந்தும் கோப்பு ஒன்றும் இல்லாதபோது பாஷ் உடுக்குறியை அவ்வாறே அனுப்பும். இசட் ஷெல் பிழை கூறி நிரலை இயக்காமலே நிறுத்தும்.

இரண்டாவது, இடைவெளி. 'சங்க இலக்கியம்' என இடைவெளியுடன் அமைந்த கோப்புப் பெயரை ஒரு மாறியில் வைத்து, மேற்கோட்குறியின்றி அம்மாறியைப் பயன்படுத்தினால், பாஷ் அதனை 'சங்க', 'இலக்கியம்' என இரு சொற்களாகப் பிரித்துவிடும். இசட் ஷெல் இயல்பில் பிரிப்பதில்லை. இசட் ஷெல்லில் மட்டும் சோதிக்கப்பட்ட கட்டளை பாஷில் தவறுவதற்கு இது ஒரு காரணம். மாறியை எப்போதும் இரட்டை மேற்கோட்குறிக்குள் இடுவது இரண்டிலும் பாதுகாப்பானது.

மூன்றாவது, மேற்கோட்குறி. பாஷில் ஒற்றை மேற்கோட்குறி தன்னுள் இருப்பதை ஒரே சொல்லாக்கும். கமாண்ட் பிராம்ட்டில் அக்குறிக்கு அத்தகைய பொருளில்லை. அங்கு அது தேடல் தொடரின் பகுதியாகவே நிரலைச் சேரும். தேடலோ ஒன்றும் கிடைக்கவில்லை எனக் கூறும். சொல் நூலில் இல்லை என்னும் முடிவு இவ்வாறு பிழையாகத் தோன்றலாம்.

4. மூன்றாம் ஒப்படைப்பு: எந்தச் சூழல்

ஷெல் தன்னிடமுள்ள சூழல் மாறிகளை நிரலுக்கு வழங்குகிறது. அவற்றுள் லாங், எல்சி-ஆல் ஆகியன லோகேல் எனப்படும் மொழிச்சூழலைத் தீர்மானிப்பவை. எழுத்து என்பது யாது, எது முன், எது பின் என்பனவற்றை நிரல் அவற்றிலிருந்தே அறிகிறது.

'அம்மா' என்னும் சொல் இலக்கண நோக்கில் மூன்றெழுத்து. ஒருங்குறியில் அது அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறியிடங்கள். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியிடம் ஒவ்வொன்றும் 3 பைட்டு ஆதலின் 15 பைட்டுகள். எழுத்துகளை எண்ணுமாறு கூறும் குனூ கட்டளை, யுடிஎஃப்-8 மொழிச்சூழலில் 5 என்றும், 'சி' எனப்படும் அடிப்படை மொழிச்சூழலில் 15 என்றும் கூறும். இரண்டும் அவ்வச்சூழலில் சரியே. இரண்டுமே இலக்கணம் கூறும் எழுத்தெண்ணிக்கை அல்ல. மெய்யும் உயிர்மெய்யும் பிரித்தெண்ண வேண்டும் எனில் அதற்கான விதியை நிரலில் தனியே எழுதவேண்டும்.

அகரவரிசையில் இச்சிக்கல் மேலும் நுட்பமானது. 'சி' மொழிச்சூழல் பைட்டு மதிப்பின்படி வரிசைப்படுத்தும். யுடிஎஃப்-8 கோப்பில் அது ஒருங்குறிக் குறியிட வரிசைக்குச் சமம். ஒருங்குறி அட்டவணையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், வகரத்திற்கு முன் ளகர ழகரங்களும் அமைந்துள்ளன. தமிழ் நெடுங்கணக்கின் வரிசையோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது. ஆகவே 'சி' மொழிச்சூழலில் அனல் என்பது அமர் என்பதற்கு முன்னும், அறம் என்பது அலை என்பதற்கு முன்னும், அழகு என்பது அவை என்பதற்கு முன்னும் வரும். நெடுங்கணக்கின்படி இம்மூன்றும் தலைகீழ்.

பயனர் தம் முனையத்தில் இயக்கும்போது ஷெல்லின் தொடக்கக் கோப்புகள் மொழிச்சூழலை அமைத்திருக்கும். அதே நிரல் நேரங்குறித்த பணியாக இயங்கும்போது அவை படிக்கப்படாமையால் 'சி' மொழிச்சூழலே நிலவக்கூடும். லாங் மாறியில் கணினியில் நிறுவப்படாத மொழிச்சூழலின் பெயரை இட்டாலும் பல நிரல்கள் எச்சரிக்காமல் 'சி' மொழிச்சூழலுக்குத் திரும்பிவிடும்.

விளைவு அழகுக்குறைவோடு நிற்பதன்று. நற்றிணையின் சொற்பட்டியல் ஒரு மொழிச்சூழலிலும் குறுந்தொகையின் சொற்பட்டியல் மற்றொன்றிலும் வரிசைப்படுத்தப்பட்டதாகக் கொள்ளலாம். வரிசைப்பட்ட இரு பட்டியல்களை ஒப்பிடும் காம் கட்டளை, இரண்டும் ஒரே வரிசையில் உள்ளன என்னும் நம்பிக்கையில் இயங்குவது. அந்நம்பிக்கை பொய்த்தால் இரு நூல்களுக்கும் பொதுவான சொற்களை ஒன்றற்கே உரியனவாகக் காட்டும். எச்சரிக்கைச் செய்தி எல்லாப் பதிப்புகளிலும் வருவதில்லை.

5. நான்காம் ஒப்படைப்பு: எந்தக் குறியாக்கம்

ஒரு நிரலின் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும்போதும் அடுத்த நிரலுக்குக் குழாய்வழி அனுப்பும்போதும் இடையில் நிற்பது ஷெல். பாஷும் இசட் ஷெல்லும் பைட்டுகளைத் தொடுவதில்லை. விண்டோஸ் பவர்ஷெல்லின் 5.1 பதிப்பு அவ்வாறன்று. அது வெளியீட்டை உரையாகப் பொருள்கொண்டு, மீண்டும் குறியாக்கம் செய்து அனுப்பும்.

அப்பதிப்பில் திருப்புக்குறி உருவாக்கும் கோப்பு யுடிஎஃப்-16 குறியாக்கத்தில் அமையும். 'அம்மா' என்னும் சொல்லைப் பவர்ஷெல் இவ்வாறு எழுதினால், தொடக்கக் குறிக்கு 2, ஐந்து குறியிடங்களுக்கு 10, வரிமுடிவுக்கு 4 என 16 பைட்டுகள். பாஷ்வழி எழுதப்படும் யுடிஎஃப்-8 கோப்பில் சொல்லுக்கு 15, வரிமுடிவுக்கு 1 என அதுவும் 16 பைட்டுகளே. கோப்பின் அளவை மட்டும் ஒப்பிட்டு இரண்டும் ஒன்றெனக் கருதுவது எத்துணைப் பிழையாகும் என்பதை இதனால் உணரலாம்.

குழாய்வழி அனுப்புதல் இதனினும் இடர் மிக்கது. தனி நிரல்களுக்கு உரை அனுப்புகையில் அப்பதிப்பின் இயல்பான குறியாக்கம் ஆஸ்கி. ஆஸ்கியில் தமிழ் இல்லாமையால் குறியிடம் ஒவ்வொன்றும் ஒரு வினாக்குறியாகும். மரம், கடல் ஆகிய இரண்டும் நான்கு குறியிடங்கள் கொண்டவை. இரண்டும் நான்கு வினாக்குறிகளாகவே எண்ணும் நிரலைச் சேரும். நிரல் அவற்றை ஒரே சொல்லெனக் கருதி வருகை 2 எனக் கூறும். அட்டவணையில் சொற்களும் அச்சிடப்பட்டால் பிழை கண்ணில் படும். மொத்தச் சொல், வேறுபட்ட சொல் என்னும் இரு எண்கள் மட்டும் அச்சிடப்பட்டால் முன்னது சரியாகவும் பின்னது மிகக் குறைவாகவும் இருக்கும். ஐயுறுவதற்குத் தடயமே இராது. சொல்வளத்தை ஒப்பிடும் ஆய்வின் முடிவு இவ்விரண்டாம் எண்ணையே சார்ந்தது.

பவர்ஷெல் 6 முதல் இயல்பான குறியாக்கம் யுடிஎஃப்-8 ஆயிற்று. 7.4 பதிப்பில் தனி நிரல்களின் வெளியீட்டுப் பைட்டுகளை மாற்றாமல் அனுப்பும் வழக்கமும் வந்தது. ஆயினும் விண்டோஸுடன் வருவது இன்றும் 5.1 பதிப்பே.

பைத்தான் நிரல்களிலும் இதற்கு ஒப்பான நிலை உண்டு. விண்டோஸில் பைத்தான் 3.6 முதல் திரையில் தமிழ் சரியாகத் தோன்றும். அதே வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால், பல பதிப்புகளில், கணினியின் பழைய குறியீட்டுப் பக்கம் பயன்படும். தமிழுக்கு விண்டோஸில் அத்தகைய பழைய பக்கம் அமைக்கப்படவே இல்லை. ஆதலின் நிரல் குறியாக்கப் பிழை கூறி நிற்கும். 3.7 பதிப்பு முதல் உள்ள யுடிஎஃப்-8 முறையை இயக்குவதோ, கோப்பை நிரலுக்குள்ளேயே குறியாக்கம் குறிப்பிட்டுத் திறந்து எழுதுவதோ இதனைத் தீர்க்கும்.

6. ஷெல் மொழியில் எழுதிய நிரல்கள்

மேற்கூறிய நான்கும் எம்மொழியில் எழுதிய நிரலுக்கும் பொருந்துவன. நிரலே ஷெல் மொழியில் எழுதப்பட்டிருப்பின் அம்மொழியின் கிளைவழக்குகளும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு கோப்பின் வரிகளைக் குழாய்வழி ஒரு சுழற்சிக்கு அனுப்பி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு மாறியில் ஒன்று கூட்டி, சுழற்சி முடிந்தபின் அம்மாறியை அச்சிடுவதாகக் கொள்ளலாம். இசட் ஷெல் சரியான எண்ணை அச்சிடும். பாஷும் டாஷும் இயல்பான அமைப்பில் 0 என அச்சிடும். அவை குழாயின் இறுதி உறுப்பைத் துணை ஷெல் ஒன்றில் இயக்குகின்றன. அங்கு கூட்டிய எண் அத்துணை ஷெல்லுடன் மறைந்துவிடுகிறது. குழாய்க்கு மாற்றாகக் கோப்பைச் சுழற்சியின் உள்ளீடாகத் திருப்பினால் மூன்றும் ஒரே விடை தரும்.

அணியின் முதல் உறுப்பு பாஷில் 0 என்னும் சுட்டெண்ணும் இசட் ஷெல்லில் 1 என்னும் சுட்டெண்ணும் பெறும். இரட்டைச் சதுர அடைப்பு நிபந்தனையைப் பாஷ் அறியும், டாஷ் அறியாது. எக்கோ கட்டளை பின்சாய்கோட்டைப் பாஷில் அப்படியே அச்சிடும். டாஷில் கட்டுப்பாட்டுக் குறியாகப் பொருள்கொள்ளும். பிரிண்ட்எஃப் கட்டளை இவ்வேறுபாட்டைத் தவிர்க்கும்.

நிரலின் முதல் வரி, எந்த ஷெல் அதனை இயக்கவேண்டும் என்பதை அறிவிப்பது. அவ்வறிவிப்பு பாஷைக் குறித்தால், பயனர் எந்த ஷெல்லில் இருப்பினும் பாஷே இயக்கும். ஆனால் நிரலின் பெயருக்கு முன் வேறொரு ஷெல்லின் பெயரைத் தட்டச்சு செய்தால் முதல் வரி வெறும் குறிப்பாகிவிடும். விண்டோஸில் எழுதிய நிரலின் வரிமுடிவில் கூடுதலாக உள்ள கட்டுப்பாட்டுக் குறி முதல் வரியுடன் ஒட்டிக்கொண்டு, அப்பெயரில் ஷெல் இல்லை என்னும் செய்தியைத் தோற்றுவிப்பதும் உண்டு.

7. பிழையறியும் முறை

முதற்படி, தரவைச் சுருக்குதல். முழு நூலுக்கு மாற்றாக, விடை கையால் எண்ணத்தக்க மூன்று சொற்களைக் கொண்ட கோப்பு ஒன்றை அமைக்கவேண்டும். அமர், அனல், அமர் என்னும் மூன்று வரிகள் வரிசையையும் எண்ணிக்கையையும் ஒருங்கே சோதிக்கும். மொத்தம் 3, வேறுபட்டவை 2, அமர் முதலில் என்பதே விடை.

இரண்டாம் படி, நான்கு ஒப்படைப்புகளையும் கண்ணால் காணுதல். பெயர் எதைச் சுட்டுகிறது எனக் கேட்கவேண்டும். தன் உள்ளீட்டுச் சொற்களை வரிக்கொன்றாக அச்சிடும் சிறு நிரலை அதே கட்டளையால் இரு ஷெல்களிலும் இயக்கிப் பார்க்கவேண்டும். சூழல் மாறிகளை இரு ஷெல்களிலும் கோப்பில் எழுதி ஒப்பிடவேண்டும். வெளியீட்டின் தொடக்கப் பைட்டுகளை எண்களாகக் காணவேண்டும். அகரம் யுடிஎஃப்-8 எனில் 224, 174, 133 எனத் தொடங்கும். பவர்ஷெல்லின் யுடிஎஃப்-16 எனில் 255, 254 என்னும் தொடக்கக் குறியுடன் 133, 11 எனத் தொடரும். அனைத்தும் 63 எனில் அவை வினாக்குறிகள்.

மூன்றாம் படி, ஒன்றை மட்டும் மாற்றுதல். தொடக்கக் கோப்புகளைப் படிக்காமல் ஷெல்லைத் திறக்கும் வசதி பாஷ், இசட் ஷெல், பவர்ஷெல் ஆகிய மூன்றிலும் உண்டு. அவ்வாறு திறந்தபின் வேறுபாடு மறைந்தால் காரணம் தொடக்கக் கோப்பிலுள்ளது. மறையாவிடில் மொழிச்சூழலை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். பின்னர்க் குழாய்க்கு மாற்றாகக் கோப்பைப் பயன்படுத்திப் பார்க்கலாம். இரண்டை ஒருங்கே மாற்றினால் பிழை தீர்ந்தாலும் காரணம் தெரியாது.

நான்கும் ஒத்திருந்தும் விடை வேறுபட்டால் ஷெல்லைக் குறைகூற இயலாது, தரவையே ஆராயவேண்டும். 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியிடமாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியிடங்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டுகளை ஒப்பிடும் நிரலுக்கு வேறு. இதற்குத் தீர்வு ஒருங்குறி இயல்பாக்கம்.

இறுதிப்படி, திருத்தத்தை நிரலுக்குள் வைத்தல். பயனரின் தொடக்கக் கோப்பைத் திருத்தினால் பிழை அக்கணினியில் மட்டும் தீரும். மொழிச்சூழல், குறியாக்கம், இயக்கும் ஷெல், தேவையான நிரலின் முழுப்பாதை ஆகியவற்றை நிரலே அறிவித்தால் அது செல்லுமிடமெல்லாம் ஒரே விடை தரும்.

முடிவுரை

ஷெல்லுக்கு ஷெல் நிரல் வேறுபடுவதாகத் தோன்றும்போது, வேறுபடுவது பெரும்பாலும் நிரலுக்கு வந்துசேரும் உள்ளீடும் சூழலுமே. பெயர், உள்ளீட்டுச் சொல், மொழிச்சூழல், குறியாக்கம் ஆகிய நான்கையும் வெளிப்படையாகக் கண்டால் பிழையின் இடம் புலப்படும். ஆங்கிலத் தரவில் பெரும்பாலும் மறைந்தே கிடக்கும் மொழிச்சூழல், குறியாக்கப் பிழைகள் தமிழ்த் தரவில் எண்களையே மாற்றிவிடுகின்றன. ஆகவே கணினிவழிச் சொல்லெண்ணிக்கையை முன்வைக்கும் ஆய்வேடு, பயன்படுத்திய மூலப்பதிப்பைக் குறிப்பது போலவே, ஷெல், அதன் பதிப்பு, மொழிச்சூழல், கோப்பின் குறியாக்கம், இயல்பாக்க முறை ஆகியவற்றையும் ஆய்வு முறையியலில் குறிப்பது பொருத்தமாகும். அக்குறிப்பு இருந்தால்தான் பிறரொருவர் அதே எண்ணை மீண்டும் பெற்று முடிவைச் சரிபார்க்க இயலும்.